பேட்டரி இல்லாத பெட்டி

இரண்டு வருடமாக அவள் முதலீட்டாளர்களிடம் சொல்லிவந்தது ஒரே பொய்தான். லிஃப்டின் சுவரில் ஒட்டும் கையகலப் பெட்டி, லிஃப்ட் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடும் என்பது அந்தப் பொய். பெட்டிக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். சொல்வது அவள் அண்ணன். இருபது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். டெமோ நடக்கும்போது கட்டடத்தின் கீழ்த்தளத்தில், காருக்குள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டதைப் போனில் ஒற்றை விரலால் தட்டுவான். மேலே திரையில் அது பெட்டியின் பதிலாக வந்து விழும். அவன் தட்டி முடிக்கும் நாற்பது விநாடியை மறைக்க, திரையில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டிருந்தாள்.

"பணம் வந்தா நிஜமாவே செஞ்சிடலாம்ணா" என்பாள்.

"அதுவரைக்கும் நான்தான் உன் மிஷின். எண்ணெய் போட மறந்துடாதே, முதலாளியம்மா."

பணம் இன்று வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கடையைக் கட்ட வேண்டியதுதான். இவளை நம்பி வேலையை விட்டவன் முகத்தில் எப்படி முழிப்பது?

பதினோராவது மாடி அறையில், மேஜைக்கு அந்தப் பக்கம் முதலீட்டாளர். கட்டடமே அவருடையது. கதவோரம் கட்டடத்தின் மேற்பார்வையாளர் நின்றிருந்தார். காலி லிஃப்ட் ஒருமுறை கீழே போய் மேலே வந்தது. சக்கரம் சுற்றவே இல்லை. பதில் உடனே வந்தது.

'ஏழாவது மாடி. இடது பக்கத் தண்டவாளம். ஒரு போல்ட் கழன்றிருக்கிறது.'

அண்ணன் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் ஓரடி முன்னால் வந்தார். "காலையிலதான் சார் நானே பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் முடுக்கிக்கலாம்னு இருந்தேன்."

முதலீட்டாளர் சிரித்தபடி ஒப்பந்தத்தை அவள் பக்கம் தள்ளினார். மேலே பேனா, மூடி கழற்றி வைத்தது. அவள் அதை எடுக்குமுன் இன்னொரு வரி வந்தது.

'ஒருவர் உள்ளே இருக்கிறார். இன்னும் இறங்கவில்லை.'

"தலையெல்லாம்கூட எண்ணுமா?" என்றார் முதலீட்டாளர்.

"லிஃப்ட் காலியா இருக்கு சார்" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் போன் அதிர்ந்தது. அண்ணன் அனுப்பியிருந்தான்: 'எப்பதான் ஆரம்பிக்கப் போறே? ஒரு மணி நேரமா காதுல ஒரு சத்தமும் இல்ல. பேட்டரி போட்டியா?'

பைக்குள் கைவிட்டாள். பேட்டரி அங்கே கிடந்தது. காலையில் சார்ஜ் ஏற்றக் கழற்றியது. திரும்ப மாட்டவே இல்லை.

மறுபடி அதிர்ந்தது: 'சரி விடு. இன்னொண்ணு இருக்கு, நானே மேலே கொண்டு வர்றேன்.'

திரையில் எழுத்து ஓடியது. 'இன்னொருவர் ஏறிவிட்டார். ஏழாவது மாடி தாங்காது.'

பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கையெழுத்துதான்.

"லிஃப்டை நிறுத்துங்க. எங்கண்ணன் உள்ளே இருக்கான்."

"உங்க அண்ணனுக்கு இங்கே என்ன வேலை?" முதலீட்டாளர் மெதுவாகத்தான் கேட்டார்.

"பெட்டியில ஒண்ணுமே இல்ல சார். இத்தனை நாளும் பதில் சொன்னது அவன்தான். நிறுத்துங்க முதல்ல."

மேற்பார்வையாளர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஏழாவது மாடிக்கு ஒரு முழம் கீழே லிஃப்ட் நின்றுபோனது. படியில் இறங்கி ஓடி, கதவை நெம்பி, அண்ணனை வெளியே இழுத்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

"அந்த ஆளுக்கும் கை கொடுங்க" என்றான்.

"எந்த ஆளு?"

"என் தோளை அழுத்தி உட்கார வச்சாரே. பிடிச்சுக்கோன்னார். அப்புறம்தான் நின்னுச்சு. நம்ம தொழில்காரர் போல."

லிஃப்டுக்குள் யாரும் இல்லை. அண்ணனின் வெள்ளைச் சட்டையில், தோளில், நாலு விரல் கிரீஸ் அப்பியிருந்தது.

மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்துப் பேசினார். "போன வருஷம் ஒரு மெக்கானிக் இங்கே, இதே ஏழுல, உள்ளே விழுந்து செத்துட்டாரு. வெளியே மூச்சு விடக்கூடாதுன்னுட்டாங்க."

யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சொன்னவர் ஒப்பந்தத்தோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணனும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்" என்றார். "இன்னிக்குப் பேசிச்சே, அதுக்குத்தான் என் பணம். போடுங்க."

அவள் தாளை வாங்கினாள். இரண்டு வருடம் அதில் இருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"அது எங்களோடது இல்ல சார்."

அவளும் அண்ணனும் படி வழியாகவே இறங்கினார்கள். நாலாவது மாடித் திருப்பத்தில் அண்ணன் கையிலிருந்த போன் வெளிச்சமானது. அவன் விரல் அதில் படவில்லை. பதில் தட்டும் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'மூன்று பேர் இறங்குகிறார்கள்.'

அண்ணன் அதை இரண்டு முறை படித்தான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படியில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.