வலித்தால் கையைத் தூக்குங்கள்

1

இந்தக் கதை என் இடப்பக்கக் கீழ்வாயில் உள்ள இரண்டு காலி இடங்களிலிருந்து பிறந்தது. இதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை என்று கருதுகிறேன். இதற்குமுன் நான் கதை எழுதியதில்லை. விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன், அவற்றில் சில பரிசீலிக்கப்பட்டும் உள்ளன. எனவே இடையிடையே கதை கைகட்டி நிற்பதுபோல் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பத்தொன்பது வயதில் எனக்குப் பல்வலி வந்தது. பல் மருத்துவரிடம் போனேன். பிற்காலத்தில் எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். நாற்காலியைச் சாய்த்து, “வலிச்சா கையைத் தூக்குங்க” என்றார். குறடு உள்ளே போனதும் தூக்கினேன்.

“தூக்கிட்டீங்களா? நல்லது. அப்படியே வெச்சுக்குங்க” என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார்.

பிடுங்கியது பக்கத்துப் பல். மறுநாள் மீண்டும் போய், வலி இன்னும் சற்று இருப்பதாகப் பணிவுடன் தெரிவித்தேன். “கூட இருந்தவன் போயிட்டான்ல, அதான் ஏங்குது” என்று அதையும் பிடுங்கினார். இரண்டு முறையும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே இக்கதையில் நான் நடுநிலையானவன் அல்லன். வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2

முதல் தொடக்கம்: “காலம் என்னும் நதி, தலைமுறை என்னும் கரைகளைத் தழுவி…”

[நீக்கிவிட்டேன். அந்த நதியில் வாய் கொப்பளிக்கக்கூட யாரும் இறங்கமாட்டார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: எழுபத்தொன்றாம் வயதில், ஒரு ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, பெரிய டாக்டர் மாற்றத்தை வரவேற்றார்.

இது இருக்கட்டும். நாளும் நேரமும் சரியானவை. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அவர் வயதையொத்த பல் மருத்துவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். “இனிமே இளைய தலைமுறையோட காலம்.* நாம ஒதுங்கணும். ஒதுங்குறதுன்னா முழுசா ஒதுங்கணும்” என்று ஐம்பது நிமிடம் பேசினார். பிறகு மருத்துவமனையை ஒப்படைக்கும் அடையாளமாகத் தம் வெள்ளை அங்கியைக் கழற்றி, பல் மருத்துவரான மகளுக்குப் போர்த்தினார். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டது. மகள் பேச எழுந்தபோது, நேரமாகிவிட்டது, நன்றி மட்டும் சொன்னால் போதும் என்றார்கள்.

* இளைய தலைமுறைக்கு அன்று வயது நாற்பத்து நான்கு.

3

மகள், அதாவது சின்ன டாக்டர், எல்லாவற்றையும் மாற்றினார். சுவரின் நிறம் மாறியது. வாய்க்குள் இருப்பதை நோயாளியே பார்க்கும்படி திரை வந்தது. பிடுங்குவதைவிடப் பல்லைக் காப்பாற்றுவதே அங்கு வழக்கமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எதைத் தொடங்கும் முன்பும் “ஆரம்பிக்கலாமா?” என்று நோயாளியிடம் கேட்டார். மாறாதது ஒன்றே ஒன்று: துளைக்கும் கருவியை இயக்கும் கால்மிதி. அதில் பெரிய டாக்டரின் செருப்பு நாற்பத்து மூன்று ஆண்டுகளில் பதித்த பள்ளம் அப்படியே இருந்தது.

பெரிய டாக்டர் அத்தனையையும் பாராட்டினார். பாராட்டத் தினமும் வந்தார். வெளியே காத்திருப்போர் நாற்காலியில், கையில் பேப்பருடன்.

“சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கு எந்தப் பல்லு? ஆ காட்டுங்க” என்று கைப்பேசி விளக்கை அடிப்பார். “ம்… உள்ள போனா காப்பாத்தலாம்னு சொல்லுவா. மூணு தடவை வரச் சொல்லுவா. நல்ல பொண்ணு. நானா இருந்தா அஞ்சு நிமிஷம்.”

உள்ளே போகிறவர்கள் நாற்காலியில் சாய்வதற்குள், “பிடுங்கிடுங்க டாக்டர், பெரியவர் சொல்லிட்டார்” என்றார்கள். சிலர் உள்ளேயே போகவில்லை.

[என்னையும் ஆ காட்டச் சொன்னார். காட்டினேன். “யாரு இப்படிப் பிடுங்கி வெச்சது?” என்று வருத்தப்பட்டார். கதை எழுதத் தீர்மானித்தது அந்த நிமிடத்தில்தான்.]

4

சின்ன டாக்டரைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. அவர் மிக நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். நல்லவர்களை எழுதுவது கடினம், பேனா வழுக்குகிறது. அதனால் அவர் கோபப்பட்ட ஒரு புதன்கிழமையை இங்கே வைக்கிறேன். அன்று நான் கதவருகே உட்கார்ந்திருந்தேன்.

“அப்பா, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கே பெரிய ஆஸ்பத்திரி, அங்க என்னைக் கூப்பிடுறாங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க இப்படியே வெளிய உட்கார்றதா இருந்தா நான் போயிடறேன். கதவைப் பூட்டிக்கலாம்.”

“நான் என்ன பண்ணேன் பாப்பா? பேப்பர்தானே படிக்கிறேன்?”

“என் பேஷண்ட் வாயையும் சேர்த்துப் படிக்கிறீங்க.”

“நான் ஒதுங்கிட்டேன்னு மேடையில சொன்னேனே!”

“சொன்னீங்க. அப்புறம் எங்க ஒதுங்குனீங்க?”

உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கும் அக்கா இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே வேலை பார்ப்பவர். அவர் குழாயைக் கழுவுவதுபோல் நின்றார். குழாய் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும் என்று படித்திருக்கிறேன். நல்லவேளையாகப் பெரிய டாக்டருக்குப் பல்வலி வந்தது.

மகளிடம் சொல்லவில்லை. வலப்பக்கமாகவே மென்றார். வியாழக்கிழமை, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களுள் ஒருவரான பழைய வகுப்புத் தோழரிடம் ரகசியமாகப் போனார். அந்தத் தோழரும் மாற்றத்தை வரவேற்று, மகனிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்து, வெளியே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“உன் பையன் எப்படி?” என்று இவர் கேட்டார்.

“கெட்டிக்காரன். அவன்கிட்ட மட்டும் காட்டாதே.”

[ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்துவது கலைக்கு அழகில்லை என்பதை அறிவேன். இரண்டு முறை நீக்கினேன். நடந்ததாக அக்காவே சொன்ன பிறகு, கலையின் பொருட்டு உண்மையைப் பிடுங்க மனம் வரவில்லை. பக்கத்து உண்மையும் போய்விடக் கூடும்.]

6

சனிக்கிழமை காலை பெரிய டாக்டர் வந்தபோது, கன்னம் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. பேப்பர் இல்லை. யாரையும் ஆ காட்டச் சொல்லவில்லை. அக்கா ஏழாம் எண் சீட்டைக் கொடுத்தார்.

“எனக்கே சீட்டா?”

“ஆறு பேருக்கு அப்புறம்தான் ஏழு வரும் டாக்டர்.”

எட்டாம் எண் என்னுடையது. உள்ளே நடந்ததை அக்கா சொல்லி அறிந்தேன். அவர் சொல்லாததை நான் சேர்த்திருக்கிறேன்.

சின்ன டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “வேர்ல சீழ் இருக்கு. பல்லைக் காப்பாத்தலாம், மூணு தடவை வரணும். இல்ல, பிடுங்கணும்னா பிடுங்கலாம். எது வேணும்?”

“என்னையா கேக்குறே?”

“உங்க பல்லுதானேப்பா.”

பெரிய டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். பிடுங்கு, பிடுங்கு என்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிறர் பல்லுக்குச் சொன்ன வாய், தன் பல் என்றதும் தயங்கியது. “காப்பாத்து” என்றார், மிக மெதுவாக.

“ஆரம்பிக்கலாமா?”

“ம்.”

“வலிச்சா கையைத் தூக்குங்க.”

அது அவருடைய வசனம். அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். “நிறுத்துவியா?”

“நீங்க நிறுத்துனீங்களா?”

வாயைத் திறந்துகொண்டார். ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்து, சின்ன டாக்டர் மிதியில் காலை வைத்தார். கருவி ஓலமிட்டது. சிறிது நேரத்தில் பெரிய டாக்டரின் வலக்கை மேலே எழுந்தது.

7

அக்கா சொன்னது இதுவரைதான். சின்ன டாக்டர் நிறுத்தினார் என்று ஒரு முடிவு எழுதினேன். அது அந்த ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பொருந்தும். முன்வரிசை மறுபடி கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

“தூக்கிட்டீங்களா? நல்லது. அப்படியே வெச்சுக்குங்க” என்று சின்ன டாக்டர் சொன்னதாக இன்னொரு முடிவு எழுதினேன். அதை எழுதும்போது என் நாக்கு அந்த இரண்டு காலி இடங்களையும் தடவிக்கொண்டிருந்தது. மிக நன்றாக வந்த பகுதி அதுதான் என்று வெட்கத்துடன் சொல்கிறேன். ஆனால் அப்படி எழுதினால் சின்ன டாக்டருக்கு அந்த அங்கி கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது.

மூன்றாவதில், அந்தக் கை வலியால் எழவே இல்லை. விளக்கை இன்னும் சற்று இடப்பக்கம் திருப்பச் சொல்கிறது. அவரை அறிந்தவர்கள் இதையே நம்புவார்கள்.

மூன்றையும் வைத்துக்கொண்டு பதினோரு நாள் இருந்தேன். கதைக்குள் இன்னும் அதே சனிக்கிழமைதான். ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டிய பதில் சின்ன டாக்டரின் பையில் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. இந்தக் கை என்ன ஆகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் அதை எழுதுவார். வெளியே எட்டாம் எண்ணாகிய நான் உட்கார்ந்திருக்கிறேன். கதவு சற்றுத் திறந்திருக்கிறது. இங்கிருந்து அந்தக் கை தெரிகிறது. கிழட்டுக் கை. தூக்கிய கை எவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மன்னிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை. நான் நன்றி சொல்லிப் பழகியவன்.

கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் படிப்பவரே, தயவுசெய்து கீழே பாருங்கள். மிதி உங்கள் காலடியில் இருக்கிறது. பள்ளத்தில் கால் சரியாகப் பொருந்துகிறதா?