அடியில்லாத மண்

காலை எட்டு பத்துக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. அந்த அறையில் அது அடிப்பது நாளுக்கு ஒருமுறைதான்.

"ஆபீசம்மா, எழுதிக்கோங்க. ஒரு மீட்டர் பன்னிரண்டு."

"எழுதிட்டேன், அண்ணே. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு," என்றாள். ஆகவில்லை.

மலையடிவாரத்தில் ஆற்றுக்குள் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் சொல்வது அவர் வேலை. ஒன்பது வருடமாகச் சொல்கிறார். அவரை அவள் பார்த்ததில்லை. அறையில் ஆறு மேசைகள், ஐந்துக்குத் துணி போர்த்தியிருந்தது. மற்றவர்கள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். பழைய கணினிகளுக்குத் துணையாக அவள் மட்டும். வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். இந்த எட்டு பத்தை விட்டால் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

கணினிக்குள் அந்த மலையை அவள் எண்களால் கட்டியிருந்தாள். மேலே மழையை விட்டால் கீழே ஆற்றில் சரியான மட்டம் வரவேண்டும். வராவிட்டால் மண்ணின் ஆழத்தையோ நீர் இறங்கும் வேகத்தையோ கூட்டிக் குறைத்து வழிக்குக் கொண்டுவரவேண்டும். ஆற்றோர ஊருக்கு வெள்ள எச்சரிக்கை இதை வைத்துத்தான் போகும். வெள்ளிக்கிழமை கெடு.

மார்ச்சிலிருந்து அந்தக் கணினி மலை மல்லுக்கு நின்றது. மலை முழுக்க மண் ஊறிக் கிடக்கிறது என்றது செயற்கைக்கோள். ஆறு ஏறவேயில்லை, ஒரு மீட்டர் பன்னிரண்டுதான் என்றார் அண்ணன். அவள் கணினியில் மண்ணைத் தோண்டினாள். இரண்டு மீட்டர் ஆழம் ஐந்தாயிற்று, பதினொன்றாயிற்று. பெய்த மழையெல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. இப்போது அவர் சொன்ன மட்டம் அச்சாக வந்தது.

புதன்கிழமை பிரிவுத் தலைவர் வந்தார். துணி போர்த்திய மேசைமேல் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"பாறை மேல பதினோரு மீட்டர் மண்ணா? இது மலையா, பஞ்சு மெத்தையா?"

"ஆத்து மட்டம் அப்படித்தான் சொல்லுது, சார்."

"ஆறு சொல்லல. அதைப் பாக்குற ஆளு சொல்றாரு."

"ஒன்பது வருஷம், சார். ஒருநாள் தவறல."

"கூப்பிடத் தவறல. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்." எழுந்தார். "அவர் எண்ணை நீக்கிட்டு ஓட்டிப் பாருங்க. சரியா வந்தா அந்த அளவுகோல் நிலையத்தை மூடிடலாம்."

அவர் போனபின் செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தைத் திறந்தாள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படம்; அதில் தண்ணீர் கறுப்பாக விழும். அளவுகோல் இருக்கும் இடத்தில் ஆறு இரண்டு மடங்கு அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். முன்பெல்லாம் அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர் இரையும். மார்ச்சிலிருந்து மின்விசிறி ஒன்று கடகடக்கிறது. கேட்டும் கேட்காதவள்போல் எண்ணை எழுதிக்கொண்டாள். ஒரு மனிதரின் வார்த்தைக்காக ஒரு மலையையே மாற்றியிருந்தாள்.

வியாழன், எட்டு பத்து.

"எழுதிக்கோங்க. ஒரு மீட்டர் பதினொன்று."

"அண்ணே, இப்ப எங்க நிக்கிறீங்க?"

விசிறி சுற்றியது.

"ஆத்துக்கிட்டதான்..." என்று மென்று விழுங்கினார். பிறகு, "கட்டில்ல உக்காந்திருக்கேன்மா," என்றார்.

"எத்தனை நாளா?"

"முழங்கால் போச்சு. நூத்திநாப்பது படி. இறங்கிட்டா ஏற முடியல. நேத்து சொன்னதுல ஒரு சென்டிமீட்டர் கூட்டுவேன், இல்ல குறைப்பேன். ஒரேயடியா புளுகல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அண்ணே. கீழ ஒரு ஊரே இருக்கு."

"சொன்னா இனிமே கூப்பிட வேண்டாம்னுருவீங்க."

அவள் பேனாவை மூடினாள். கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.

அன்றே மார்ச்சுக்குப் பிந்தைய அவர் எண்களையெல்லாம் நீக்கினாள். மலைமண்ணின் ஈரத்துக்கும் படத்தில் தெரிந்த ஆற்றின் அகலத்துக்கும் ஒத்துவரும்படி மறுபடி ஓட்டினாள். நாற்பது நிமிடம். மண் இரண்டு மீட்டருக்கே திரும்பியது. ஆறு எழும்ப வேண்டிய நாளில் எழும்பியது. இவ்வளவு சுத்தமாக அது ஒருநாளும் வந்ததில்லை. காட்ட யாருமில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்பினாள். நிலையத்தை மூடும் தாளில் கையெழுத்துப் போட்டாள். பணி முடிந்தது என்று அவருக்கும் அன்று மாலையே கடிதம் போயிற்று.

திங்கட்கிழமை எட்டு பத்துக்கு அவள் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள். எட்டேகாலுக்கு ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

திரையில் காலைப் படம் வந்திருந்தது. மூன்று நாளாக மலையில் ஒரு பொட்டு மழையில்லை. மண் காய்ந்துகொண்டிருந்தது.

எட்டரைக்கு அவளே எண்களை அழுத்தினாள். வெகுநேரம் அடித்து, எடுக்கப்பட்டது. மின்விசிறி கடகடத்தது.

"அண்ணே, அங்க மழையா?"