மூன்றாவது டேங்க்

பம்மலில் தபீதாள் வீட்டு ஹாலில் சனிக்கிழமை தவறாமல் விண்வெளிப் போர் நடக்கும். டி.வி.யில் அல்ல, டி.வி.யை அணைத்த பிறகு, சோபாவில். 'நீலன்' என்றொரு விண்கலம் வழிதவறி, பூமிக்குத் திரும்பப் படாத பாடு படுகிற தொடர் அது. மொத்த எபிசோடும் எப்போதோ வெளியாகி, ஊரே ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்துவிட்டது. இவர்கள் மட்டும் பத்தியம் இருக்கிற மாதிரி வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தார்கள்.

காரணம் டெனிஸ். தபீதாளின் கணவன். சரக்குக் கப்பலில் அதிகாரி. கப்பல் போக வேண்டிய வழியைக் குறிப்பது அவன் வேலை. நடுக்கடலில் அவனுக்குக் கிடைக்கிற டேட்டா வாரத்துக்கு ஒரு எபிசோடுக்கும் ஒரு வீடியோ காலுக்கும்தான் காணும். அவனை விட்டுவிட்டு யாரும் முன்னால் போகக் கூடாது என்று சட்டம் போட்டவள் தபீதாள்தான். அடுத்த வாரம் அவன் விசாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கி ரயில் பிடித்துவிடுவான். கடைசி எபிசோடை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். அவளுக்கு இது எட்டாம் மாதம். பிரசவத்தின்போது அவன் கூட இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் பிடிவாதமாகக் கேட்டது அது ஒன்றுதான்.

அன்றும் முறுக்கு டப்பாவில் சாய்த்துவைத்த போனில் டெனிஸின் முகம் விட்டு விட்டுத் தெரிந்தது.

"வூட்டுக்குப் போறவன் எதுக்கு வியாழன் பக்கம் வண்டிய வுடுறான்?" என்று ஆரம்பித்தான் எபி. தபீதாளின் தம்பி, வங்கி ஊழியன். பல்லாவரம் மேம்பாலத்தில் எந்தப் பக்கம் இறங்குவது என்று இன்னும் குழம்புகிறவன், வியாழனுக்கு வழி சொல்ல மட்டும் தயங்கியதே இல்லை. "தாம்பரம் போகணும்னா யாராவது கோவளம் சுத்திட்டுப் போவாங்களா?"

"ஜி.எஸ்.டி. ரோடு ஜாமா இருந்தா போவாங்க," என்றாள் மாளவிகா. எபியோடு வேலை செய்கிறவள். இந்தச் சண்டைக்காகவே கோவிலம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிடுவாள்.

"ரோடு மாதிரி யோசிக்காத எபி," என்றான் டெனிஸ். "அங்க திசை மாத்தணும்னா எரிபொருள் செலவாகும். வியாழன் கிட்ட போனா, அது இழுக்கிற இழுப்புலயே கலம் வளைஞ்சு பூமி பக்கம் திரும்பிடும். செலவே இல்ல."

"அப்போ கதைல பெரிய ஓட்டை இருக்கு மச்சான். மூணாவது டேங்க் ஃபுல்லா இருக்குன்னு காமிச்சாங்களே? அத எரிச்சுட்டு நேரா வர வேண்டியதுதானே?"

"அதுலதான் ஒரு சொட்டு இல்லியே. கசிஞ்சு போனது கேப்டனுக்கே அப்புறம்தானே..."

டெனிஸ் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"டேங்க் எப்போ கசிஞ்சுது? நாம பாக்கலியே!" என்றாள் மாளவிகா.

எபி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான். "மச்சான் முன்னாடியே பாத்துட்டாரு! மாட்டினாரு! ஊருக்கு வந்ததும் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தரணும்!"

ஹாலே சிரித்தது. டெனிஸும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாக. தபீதாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தொடரில் யார் எதைச் சொன்னார்கள், அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று வாரக்கணக்கில் துருவித் துருவிப் பழகிய மூளை; இப்போதும் தன் வேலையைப் பார்த்தது. டெனிஸுக்கு மற்ற எபிசோடுகள் எங்கே கிடைத்தன? கடலில் வழியே இல்லை. கப்பல் கடைசியாக நின்ற கொழும்பில்தான் மொத்தமாக இறக்கி வைத்திருக்க வேண்டும். சரி. அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறவன், வந்து பார்க்கப் போகிற தொடரை எதற்காக மொத்தமாக இறக்கி வைக்கிறான்? நீண்ட பயணம் போகிறவன்தான் அப்படிச் செய்வான்.

அவள் போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டு அடங்கியது.

"டெனிஸ், நீ வைசாக்ல இறங்கல. இல்ல?"

அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று மொட்டைமாடியை உரசுகிற மாதிரி கடந்தது. பம்மலில் விமானம் போகும்வரை யாரும் பேசமாட்டார்கள்; பேசினாலும் கேட்காது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஓய்வதற்குள்ளேயே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இல்ல தபி," என்றான். "இன்னும் கொஞ்ச மாசம் இருந்தா சீஃப் ஆபீசர் ஆக்குறேன்னாங்க. வைசாக்லேருந்து நேரா பிரேசில்."

"எப்போ கையெழுத்து போட்ட?"

"கொழும்புல."

கொழும்பிலிருந்து கிளம்பிய பிறகுதான் தொட்டிலை எந்தப் பக்கம் மாட்டலாம் என்று அவளோடு மணிக்கணக்கில் குறுஞ்செய்தியில் பேசினான். ஜன்னல் பக்கம் வேண்டாம், வெயில் படும் என்று சொன்னதும் அவன்தான்.

"சொல்லணும்னு தினமும் நெனச்சேன். இந்த நேரத்துல உனக்கு பிரஷர் ஏறிடுமோன்னு பயம்."

"என்மேல பழி போடாத. நான் வேணாம்னு சொல்லுவேன்னு பயம் உனக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "நான் சரின்னுகூட சொல்லியிருப்பேன் டெனிஸ். அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ கேக்கவே இல்லியே."

ஹாலில் எபி இன்னும் மூன்றாவது டேங்கை விடவில்லை. கசிவைக் கேப்டன் எப்படிக் கவனிக்காமல் இருந்தான், இதெல்லாம் நம்புகிற மாதிரியா இருக்கிறது என்று மாளவிகாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"கோவமா?" என்றான் டெனிஸ்.

"கோவம்தான். ரொம்ப."

"அடுத்த வாரம் கூப்பிடலாமா?"

தபீதாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி இருக்கிறான், மாளவிகா இருக்கிறாள், ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிள்ளை எப்படியும் நல்லபடியாகப் பிறந்துவிடும். அதில் அவளுக்குப் பயமில்லை. அவன் இல்லாமலே பெற்றுக்கொள்ள முடியும் என்று தெரிந்ததுதான் வலித்தது.

"கூப்பிடு. அப்பவும் கோவம் போயிருக்காது. ஆனா போனை எடுப்பேன்."

டெனிஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.