கேன்சல் டெஸ்ட்

புருசன் பொங்கியண்ணனுக்கு வேறு எங்கேயோ சோறு கிடைக்கிறது என்ற முடிவுக்குச் சாமியாத்தாள் வந்துவிட்டாள். எங்கே, யார் போடுகிறாள் என்பது மட்டும்தான் பாக்கி.

இல்லாவிட்டால் ஒரு மனுசன் எப்படி உயிரோடு இருக்க முடியும்? வரமிளகாயைக் கிள்ளிப் போட்டுக் கடைந்த கொள்ளுப் பருப்பைச் சட்டியோடு காலி பண்ணுகிறவன், இப்போதெல்லாம் முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளிக்கிறான். "காரத்தை அள்ளிக் கொட்டி ஆளைக் கொல்லப் பாக்கறயா?" என்று எரிந்து விழுகிறான். சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்து, கூழ் மாதிரி குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். கல்யாணமான நாளிலிருந்து அதே கை, அதே மிளகாய். கையும் மாறவில்லை, மிளகாயும் மாறவில்லை என்றால் மாறியது அவன் மனசாகத்தான் இருக்க வேண்டும்.

சாமியாத்தாளுக்குச் சந்தேகம் கூடப்பிறந்த குணம். கண்ணெதிரே கறந்து கொடுத்த பாலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் சொம்பில் வாங்குவாள். வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். அவளை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளத் துடியலூரில் ஒரு ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒன்று நடந்தால் அவள் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்குக் குழந்தையம்மாள் வேறு. மில்லில் ரீலிங் பிரிவில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நூல் சுற்றுகிறவர்கள். ஒரு நாள் அவள் குனிந்து காதோடு சொன்னாள்.

"ஏனுங்க்கா, உங்கூட்டுக்காரரு ஆர்.எஸ்.புரத்துல பஸ்ஸை உட்டு எறங்குனதை எங்கண்ணன் பாத்தானாமா. சலவை வேட்டி, சலவைச் சட்டையாம். அங்க ஆருங்க்கா இருக்கறா?"

"யூனியன் சோலியா போயிருப்பாரு" என்றாள் சாமியாத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆர்.எஸ்.புரத்தில் யூனியன் சோலி எதுவும் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பொங்கியண்ணன் அதே மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை பார்த்தான். யூனியனில் அவன்தான் வாய். கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு கேட் மீட்டிங்கில் பேச ஆரம்பித்தால், மைக் இல்லாமலே மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள் கேட்கும். எதைப் பற்றியும் பேசுவான், எவ்வளவு நேரமும் பேசுவான்.

இந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். மில் முதலாளி அழகிரிசாமி நாயுடுவின் தம்பி மகள், பெயர் வரலட்சுமி. மெட்ராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து ஆர்.எஸ்.புரத்தில் குடியிருந்தார். அறுபத்து மூன்றாம் வருசம் பொங்கல் கழிந்த கையோடு மில் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மில்லில் வேலை செய்கிற ஆண் பெண் எல்லோருக்கும் வருசத்துக்கு ஒருமுறை கேன்சர் டெஸ்ட். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களும் கட்டாயம் வர வேண்டும்.

ஒன்றும் இல்லாதவர்களும்! அந்த ஒரு வார்த்தை போதாதா? நல்லா இருக்கிறவனைக் கூப்பிட்டு வைத்தியம் பார்க்கிற முதலாளியை யார் எங்கே கண்டார்கள்?

அன்று சாயங்காலம் பொங்கியண்ணன் கேட்டில் ஏறி நின்றான்.

"ஏனுங்க, நல்லாக் கேட்டுக்குங்க! இது கேன்சல் டெஸ்ட்டுங்க! எவனுக்கு நெஞ்சுல சளி, எவளுக்கு வவுத்துல புள்ளைன்னு பாத்துக் குறிச்சுப்போட்டு, நம்ம டோக்கனைக் கேன்சல் பண்றதுக்குப் போட்ட திட்டமுங்க! ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கப்படாது!"

கேன்சல் என்ற சொல்லுக்கு மில்லில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. லீவு கேன்சல் ஆகும், டோக்கன் கேன்சல் ஆனால் வேலை போச்சு, அதற்கப்புறம் அடுப்பும் கேன்சல். ரீலிங் பிரிவில் ஏற்கெனவே பெண்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் தலையாட்டிவிட்டுக் கலைந்தது.

சாமியாத்தாளும் நம்பினாள். மில்லுக்காரர்கள் விஷயத்தில் அவளுக்கும் புருசனுக்கும் ஒரே கட்சி. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று உறுத்தியது. மணிக்கணக்கில் பேசுகிறவன் இன்றைக்கு ஏன் சட்டென்று முடித்துக்கொண்டான்? டாக்டரம்மா பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவன் கை ஏன் கன்னத்துக்குப் போனது? முதலாளிக்கே பயப்படாதவன் இந்தச் சின்னப் பெண்ணுக்கு ஏன் இப்படி வேர்க்கிறான்?

அவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. அந்த அம்மா ஆர்.எஸ்.புரத்துக்காரி. அங்கே இவன் யார் வீட்டுக்குப் போகிறான் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். நான் போய்ப் பேச்சுக் கொடுத்தால் வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒருத்தரும் போகக் கூடாதாம்!

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் போனாள்.

பஞ்சு குடோனை ஒட்டிய அறையை வெள்ளையடித்து டாக்டரம்மாவுக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சாமியாத்தாள் கண்ணில் பட்டது பின்பக்கம் இருந்த இன்னொரு கதவு.

"ஒரு ரூமுக்கு எதுக்குங்க ரெண்டு வாசல்? ஆளைப் பின்னால தாட்டி உடறதுக்குங்களா?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "உள்ள வந்தவங்க சில பேரு அழுதுட்டுப் போவாங்கம்மா. வெளிய நிக்கறவங்க மொகத்துல முழிக்காமப் போகட்டும்னுதானுங்க" என்றார்.

பதில் தயாராக இருந்ததாலேயே சாமியாத்தாளுக்குச் சந்தேகம் கூடியது. பொறி வைத்தாள். ஒரு பொய்யைச் சொல்வது. அது மேனேஜர் காதுக்குப் போனால் திட்டம் உண்மை.

"எனக்கு மூணு மாசமாத் தள்ளிப் போயிருக்குதுங்க" என்றாள்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் படுக்கவைத்து மார்பையும் வயிற்றையும் கர்ப்பப்பையையும் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். சாமியாத்தாள் வெட்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள்.

"புள்ளையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நீங்க சொல்றதுதான் மெய்யின்னு நான் எப்புடிங்க நம்பறது?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பாத்த வரைக்கும் ஒண்ணுந் தெரியலீங்க. நல்லா இருக்கறீங்க. அடுத்த தைக்கு மறுக்கா வாங்க."

"நல்லா இருக்கறவ எதுக்குங்க மறுக்கா வரோணும்?"

"ஊட்டைப் பூட்டிப்போட்டுப் பூட்டை இழுத்துப் பாப்பீங்களா?"

"ஆமாங்க."

"இன்னைக்கு இழுத்துப் பாத்தாச்சுன்னு நாளைக்குப் பாக்காம உட்டுருவீங்களா?"

சாமியாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். இந்தப் பெண் நம்ம ஜாதி. யாரையும் நம்பாத ஜாதி என்று தோன்றியது. கொஞ்சம் பிடித்தும் போனது.

"வெத்தலை பொகையலை போடறீங்களா? வாயைத் தொறங்க. மூணு விரலைச் சேத்து நெட்டுக்குத்தலா உள்ள உடுங்க. போகுதா? சரி. காரம் தின்னா எரியுதுங்களா?"

ரவிக்கையின் ஊக்கைப் போட்டுக்கொண்டிருந்த சாமியாத்தாளின் கை நின்றுவிட்டது.

"காரமுங்களா?"

"பொகையலையை ஒரே எடத்துல ஒதுக்கி வெச்சா உள்தோலு வெள்ளைபூத்துப் போகும். மொதல்ல வலியே இருக்காதுங்க. காரம் மட்டும் ஆகாது. போகப்போக வாய் தொறக்க வராது. வலி வாரதுக்கு முன்னாலயே கண்டுபுடிச்சா வெட்டி எடுத்துப்போட்டு ஆளைக் காப்பாத்திரலாம். வலி முத்துனப்பறம் வந்தா காப்பாத்தறது செரமமுங்க. அதுக்குத்தான் நல்லா இருக்கறப்பவே வாங்கன்னு கூப்படறேன். அதுதானுங்க கேன்சர்."

"கேன்சலா?"

"கேன்சருங்க. புத்துநோவு."

சாமியாத்தாள் பின்வாசல் வழியாக வெளியே போனாள். யார் முகத்திலும் முழிக்க அவளால் முடியவில்லை.

பொழுது சாய்ந்ததும் பொங்கியண்ணன் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். கொள்ளுப் பருப்பில் மிளகாயை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கிள்ளிப் போட்டிருந்தாள். ஒரு வாய் வைத்தான், கண்ணில் தண்ணீர் முட்டியது, தட்டைத் தள்ளினான். அவள் திட்டவில்லை. எதிரே வந்து உட்கார்ந்து மூன்று விரலைச் சேர்த்து நீட்டினாள்.

"வாயைத் தொறங்க."

அந்த விரல்களைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. விசயம் தெரியாதவன் அப்படிப் பார்க்க மாட்டான். ஊரையே கூட்டிப் பேசுகிற வாயை அவன் இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஆர்.எஸ்.புரத்துல ஆருங்க இருக்கறா?" என்றாள் சாமியாத்தாள். "எதுன்னாலும் சொல்லிப்போடுங்க. நான் தாங்கிக்கறேன்."

அவன் தள்ளிவைத்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரு ஆம்பளை டாக்டருதான். வேற ஆரு? எரிச்சல் தாங்க முடியாம ஐப்பசியில போனேன். மூணு விரலை வாய்க்குள்ள உடச் சொன்னாரு, டார்ச் அடிச்சுப் பாத்தாரு. கேன்சலா இருக்கும்போல இருக்குது, கொஞ்சம் சதையை எடுத்துப் பாக்கோணும், மறுவாரம் வா, எந்த மில்லுன்னு கேட்டாரு. எந்த மில்லுன்னு எதுக்குக் கேக்கறாரு? நான் யூனியன்காரன். என்னோட டோக்கனைக் கேன்சல் பண்ண அந்த ஆளு ஆருன்னு அப்புடியே எந்திரிச்சு வந்துபோட்டேன். இப்ப அதையே மில்லுக்குள்ளயும் கொண்டாந்துட்டாங்க."

மில்லே நடுங்கிக்கொண்டிருந்த கேன்சல் இந்த ஒரு வாயிலிருந்துதான் புறப்பட்டிருக்கிறது. கிறுக்கனே, அங்கே காதில் விழுந்ததைக் கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று சாமியாத்தாளுக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போல் இருந்தது.

"அது கேன்சல் இல்லீங்க, நோவு. தொறங்க" என்றாள்.

திறந்தான். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. சிம்னி விளக்கைக் கிட்டே பிடித்தாள். கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்துக் கிடந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புண். ஒருத்தி இருந்திருக்கலாமே என்று நினைத்தாள். ஒருத்தி இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போட்டுவிட்டு வந்திருக்கலாம். இதை எதைப் பிடித்து இழுப்பது? விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

காலையில் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மாவின் அறைக்கு முன்னால் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூடிவிட்டார்கள். தலைவரே டெஸ்ட்டுக்குப் போகிறார் என்றால் சும்மாவா? பொங்கியண்ணன் அவர்கள் பக்கம் திரும்பினான்.

"இது கேன்சல் டெஸ்ட் இல்லீங்க" என்றான். "இது வந்து... கேன்சல்..."

எவ்வளவு முயன்றும் கடைசி எழுத்து அவன் வாயில் வரவில்லை. கன்னம் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"அதைத்தானுங்க அன்னைக்கும் சொன்னீங்க?" என்றாள் குழந்தையம்மாள்.

பொங்கியண்ணன் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"ஏனுங்க, இங்க பாருங்க" என்று சாமியாத்தாள் மூன்று விரலை உயர்த்திக் காட்டினாள். "பொகையலை போடற ஆம்பளைக எல்லாரும் மூணு விரலை வாய்க்குள்ள உட்டுப் பாருங்க. போகாதவங்க எனக்குப் பின்னால வந்து நில்லுங்க. பொம்பளைகளுக்கு நான் அப்பறமாச் சொல்றேன்."

கார்டிங் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயில் விரலை விட ஆரம்பித்தார்கள். சாமியாத்தாள் வாசலை மறித்துக் காவல் நின்றாள். உள்ளே பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. ஒரு நிமிசம் அப்படியே நின்றவளுக்குத் திடுக்கென்றது.

பின்வாசல்!

குடோனைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவள் நினைத்தது சரிதான். பொங்கியண்ணன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அந்தக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"எச்சி துப்பலாம்னு வந்தேன்" என்றான். கண் இரண்டும் கலங்கியிருந்தன. "சாமியாத்தா, பயமா இருக்குது."

அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கையைப் பிடித்தாள், சில்லென்று இருந்தது.

"எனக்குந்தான் பயமா இருக்குது. வாங்க, நானும் கூட வாரேன்."

உள்ளே டாக்டரம்மா டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாமியாத்தாள் புருசனை நாற்காலியில் உட்கார வைத்தாள். திரும்பி வந்து பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.