வாணலியில் மிஞ்சின எண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். அது தெருவுக்கே தெரியும். ஆனா கூடப் பிறந்த தம்பி வேலியை ரெண்டடி தள்ளிப் போட்டுட்டான்னு, “அவனைச் சுட்டுட்டுத்தான் மறுவேலை”ன்னு நின்னாரே, அன்னிக்கு என் ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. சொன்னதைச் செய்யற ஆளு. சுவத்துல மாமனாரோட பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கி வேற தொங்குது, தோட்டத்துல பன்னி வந்தா சுட. தோட்டாவை ஒளிச்சு வைக்கலாம்னா, அது இருக்கிற அலமாரிச் சாவி அவர் இடுப்புல.

துப்பாக்கியைத் துடைச்சு எண்ணெய் போடுறது மட்டும் என் தலையில கட்டின வேலை. எந்த எண்ணெய் நல்லதுன்னு துப்பாக்கி பழுது பாக்குறவர்கிட்ட கேட்டேன்.

“மெல்லிசான மிஷின் எண்ணெய், ரெண்டே சொட்டு போதும். சமையல் எண்ணெயைக் கிட்டவே சேக்காதீங்கம்மா. காஞ்சு பிசினாயிடும். தோட்டாவை அடிக்கிற சுத்தி மெதுவா விழும், தோட்டா வெடிக்காது”ன்னார். நல்ல மனுஷன், ஒரு குப்பியும் எடுத்துக் குடுத்தார்.

குப்பியைப் பரண்ல போட்டேன். வெங்காயம் வதக்கி வாணலியில மிஞ்சினதை எடுத்து, விசைக்கு மேல இருக்கிற இடுக்குல விட்டேன். வாரா வாரம் விட்டேன். பிசினாச்சா இல்லையான்னு இழுத்துப் பாக்கவா முடியும்?

நேத்து மத்தியானம் கொழுந்தன் அளவு நாடாவோட எங்க வாசல்லயே வந்து நின்னான். வாய்த்தகராறு முத்திச்சு. இவர் உள்ள போய்த் துப்பாக்கியோட வந்தார்.

“சுடுவியாண்ணே? சுடு, பாப்போம்!”னு நெஞ்சை நிமித்தறான், அறிவுகெட்டவன்.

“வேணாங்க!”ன்னு நான் கத்தறதுக்குள்ள விசையை இழுத்துட்டார்.

‘டொக்’குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். ரெண்டாவது குழலோட விசையையும் இழுத்தார். அதுவும் ‘டொக்’.

கொழுந்தன் நின்ன இடத்துலயே மடங்கி உக்காந்துட்டான். அப்புறம் எழுந்து போனான். நாடா வாசல்லயே கிடந்துச்சு.

இவர் தோட்டா ரெண்டையும் உருவிக் கீழ வெச்சார். துப்பாக்கியை மோந்து பாத்தார். என்னைப் பாத்தார்.

“என்ன எண்ணெய் இது?”

“வாணலியில மிஞ்சினது. ஆமா, நான்தான் விட்டேன். இப்ப என்னங்கறீங்க?”

அடி விழும்னு நினைச்சேன். இடுப்புல இருந்த சாவியை அவுத்து என் கையில வெச்சார்.

“இருந்தா இன்னும் கொஞ்சம் விடு”ன்னார்.