தோற்றாலும் முடியாத ஆட்டம்

என் தம்பி வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமுக்குள் லென்ஸை உட்கார வைப்பதும், காதில் உறுத்தாதபடி கம்பியை வளைத்துக் கொடுப்பதும் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் கதையே வேறு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மலையும் நான்தான், காடும் நான்தான், பாழடைந்த கோட்டைக்குள் இருக்கிற அத்தனை பூதங்களும் நான்தான்.

விளையாட்டு இதுதான். திரை கிடையாது, பொத்தான் கிடையாது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும், அது நான். மற்றவர்களுக்கு அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். என் வீட்டுக்காரர் மந்திரவாதி. அவருடைய சிநேகிதர், உயரத்தால் ‘ஒட்டகம்’ என்று பேர் வாங்கியவர், பூட்டுத் திறக்கும் திருடன். தம்பி ‘இரும்புத்தலை’ என்கிற போர்வீரன். என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார்கள். விழுகிற எண்ணுக்கு ஏற்றபடி நான் கதையை நகர்த்துவேன். பூதம் பேசினால் பூதக்குரல், சூனியக்காரி பேசினால் அவள் குரல். பக்கத்து வீட்டில் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ, நான் போய்க் கேட்டதில்லை.

இதையே ஒரு வீடியோ கேமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று லென்ஸ் துடைக்கும்போதெல்லாம் கனவு காண்பேன். கடைகளில் விற்கிற கேமில் செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் கேமில் அந்தப் பேச்சே இல்லை. தோற்றால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும். பாலத்திலிருந்து விழுந்தீர்களா, ஆற்றோடு போய் மீன் பிடிக்கிறவர்களின் குடிசையில் ஒதுங்குவீர்கள். பூதத்திடம் மாட்டினீர்களா, அது உங்களைத் தின்னாது, அடுப்படி வேலைக்கு வைத்துக்கொள்ளும். ஜெயித்தவன் கண்ணிலேயே படாத ஊர்கள் தோற்றவனுக்கென்றே இருக்கும். இதைச் சொன்னபோது தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டான்.

கொஞ்ச நாளில் அவன் கம்பெனியில் புது கேமுக்கு யோசனை கேட்டார்கள். வெளியாட்களும் வந்து சொல்லலாமாம். நீயே சொல்லேன்டா என்றேன். “நான் சொன்னா உப்புச்சப்பு இருக்காதுக்கா. நீ வந்து சொல்லு” என்றான். அவனே உட்கார்ந்து திரையில் காட்டுவதற்குப் படமும் வரியுமாகப் பக்கங்கள் தயாரித்துக் கொடுத்தான். கடைக்கு லீவு போட்டு, இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் ஆட்டத்துக்கான அட்டை வரைபடத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கண்ணாடிச் சுவர் போட்ட அறை. ஏசி குளிர் எலும்புவரை இறங்கியது. மேசைக் கோடியில் கம்பெனியின் தலைவி உட்கார்ந்திருந்தார். மேசையின் இரண்டு பக்கமும் சின்ன வயதுக்காரர்கள். தம்பிக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது, அதில் பாதிப் பேர் அவனுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

முதல் பக்கத்தைப் பார்த்துப் படித்தேன். பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது எனக்கே. ஒருத்தன் கொட்டாவியை மென்று விழுங்கினான். சரி, தெரிந்ததைச் செய்வோம் என்று வரைபடத்தை விரித்தேன். முதுகைக் கூனிக்கொண்டு, பாலத்துப் பூதத்தின் கட்டைக்குரலில் பேச ஆரம்பித்தேன். ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் மேசையில் பாலத்துப் பூதம் வாயைத் திறந்தால் பதில் சொல்வது எப்போதும் இரும்புத்தலைதான். அந்தப் பழக்கத்தில் நான் நேராகத் தம்பி பக்கம் திரும்பிவிட்டேன்.

“ஏய் இரும்புத்தலை, போன தடவை என் ஆட்டுக்குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனியே, இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்திருக்க?”

சொல்லிவிட்டு, கூனியபடியே, பதிலுக்குக் காத்திருந்தேன். வீட்டில் என்றால் மார்பில் குத்திக்கொண்டு கர்ஜிப்பான்.

பின்னால் யாரோ “இரும்புத்தலையா?” என்று மெதுவாகக் கேட்க, கொல்லென்று ஒரு சிரிப்பு கிளம்பியது. தம்பியின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பிறகு அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவர்களைப் பார்த்துச் சொன்னான்:

“இவங்க எங்க ஏரியா. தெரிஞ்சவங்க. கொஞ்சம் ஆர்வக்கோளாறு, அவ்வளவுதான்.”

நான் இன்னும் கூனித்தான் நின்றிருந்தேன். நிமிர வேண்டும் என்று தெரிகிறது, முதுகு வரமாட்டேன் என்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. என் குரலை நினைத்து வெட்கம், ஓரம் பிய்ந்த அட்டையை நினைத்து வெட்கம், அவனை இத்தனை பேர் முன்னால் சந்தி சிரிக்க வைத்துவிட்டேனே என்றும் வெட்கம். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தலைவி சிரிப்பை அடக்கிவிட்டு, தோற்றாலும் ஆட்டம் முடியாது என்பது நல்ல யோசனை, அது எப்படி வந்தது என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். பதில் என் நுனிநாக்கில் இருந்தது. சின்ன வயதில் தம்பி எந்த விளையாட்டில் தோற்றாலும் தரையில் புரண்டு அழுவான், சாப்பிட மாட்டான். அவனைச் சாப்பிட வைப்பதற்காக, நீ தோற்கவில்லைடா, கதை வேறு பக்கம் போயிருக்கிறது என்று ஏதோ கட்டிவிட்டேன். மொத்த ஆட்டமும் அதிலிருந்து வந்ததுதான். எதிரே தம்பி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“சும்மா தோணுச்சு மேடம்” என்றேன்.

பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். வரவே வராத ஃபிரேமைக் கேட்கிறவர்களிடம் நானும் தினம் அதைத்தான் சொல்கிறேன்.

லிஃப்ட் வரைக்கும் தம்பி வந்தான், கூடவே அவன் ஆட்கள் இரண்டு பேர். “பாத்துப் போங்க” என்றான். பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்றவன்.

“சரிங்க சார்” என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. கதவு மூடியது. வேண்டுமென்றேதான் சொன்னேன், நன்றாகவும் இருந்தது. கீழ்த்தளம் வருவதற்குள் அதுவும் கசந்துவிட்டது.

கேட்டைத் தாண்டப் போனபோது படிக்கட்டு வழியாக ஓடி வந்தான். மூச்சு இரைத்தது. “அக்கா, தப்பா எடுத்துக்காதக்கா. எல்லாரும் சிரிச்சதும் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல” என்றான்.

“இங்க யாரும் இல்ல. அதான் அக்கான்னு வாயில வருது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது, அவன் தோளைத் தொடக் கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அவன் பார்வை மேலே போனது. மாடி ஜன்னல் ஓரம் அவன் ஆட்கள் சிலர் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இன்னும் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பார்கள்.

நான் கையை இறக்கினேன். ஓரடி பின்னால் வைத்து, கேட்டை ஒட்டியிருந்த தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் மாடி தெரியவில்லை. அவன் மூச்சை மெல்ல விட்டான், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அந்த அறையில் சொன்னதற்கு அவன் வெட்கப்படட்டும். தூணுக்குப் பின்னால் போய் நில் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.