ஒப்படைக்க ஒரு குழாய்

அபினை விட்டவன் மட்டும்தான் இனிப் பல்லக்குத் தூக்கலாம் என்று எங்கள் சுங்சிங் நகரத்து அரசுக் கச்சேரி வாசலில் உத்தரவு ஒட்டினார்கள். புகைக்குழாயை ஒப்படைத்தால் சீட்டு கிடைக்கும். சீட்டு இல்லாதவன் ஆற்றங்கரைப் படிகளில் தண்டைத் தோளில் வைக்க முடியாது. எனக்கு வந்த வினை, நான் அபினைத் தொட்டதே இல்லை.

குமாஸ்தா சியுங் பதிவேட்டைப் புரட்டினார்.

"குழாய் எங்கே?"

"நான் குடிக்கிறதில்லைங்க ஐயா."

"எத்தனை வருஷமாத் தூக்குறே?"

"பத்தொம்பதுங்க."

"பத்தொம்பது வருஷம் குடிக்காமலே இந்தப் படியெல்லாம் ஏறினியா? யாருகிட்ட கதை விடுறே? விட்டவன், விடாதவன்னு ரெண்டு பத்திதான் இருக்கு. உன்னை எங்கய்யா எழுதுறது? போய்க் குழாயைக் கொண்டா."

கடைவீதியில் ஒரு மூங்கில் குழாய் வாங்கிக் கொண்டுபோய் நீட்டினேன். அதன் மண் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே ஊசியை விட்டுச் சுரண்டி முகர்ந்தார்.

"ஒரு பொட்டுக் கசடு இல்ல. பழசை ஒளிச்சு வெச்சிட்டுப் புதுசைக் காட்டுறியா?" என் கையைப் பிடித்துத் திருப்பினார். "விரல்லயும் கறை இல்ல. நல்லாத் தேச்சுக் கழுவியிருக்கே."

அவர் விரல்நுனிகள் கருகிய கடலைத் தோல் நிறத்தில் இருந்தன. குழாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

என்னோடு முன்தண்டு பிடிக்கும் பெங், யாரோ எறிந்த விரிசல் குழாயை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிவிட்டு, இரண்டு வேளையும் நிம்மதியாகப் புகைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, உங்க பழைய குழாயைக் குடுங்க. என் புதுசை வெச்சுக்குங்க."

"என் பொண்டாட்டியக் கேட்டிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன், லுவோ."

"கேட்டிருந்தா நானே மூட்டை கட்டியிருப்பேன்," என்றாள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து.

பெங் என் குழாயை உருட்டிப் பார்த்தார். "ஏழு நாள்ல இதைப் பழசாக்கித் தர்றேன். அபின் உன் செலவு. விளக்குல காட்டி உருண்டை பிடிக்கிறதும் நீதான். கறை ஏறணுமில்ல?"

வேலை முடிந்ததும் தினமும் அவர் கட்டிலில், விளக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஊசிமுனையில் அபினை உருட்டி இரண்டு விரல்களைச் சுட்டுக்கொண்டேன். அடைத்த அறையின் புகை முழுவதும் என் மேல்தான். ஐந்தாம் நாள் படியேறும்போது முழங்கால் வலிக்கவில்லை. பெங்கிடம் சொன்னேன்.

"நாங்க எல்லாரும் இப்படிச் சொல்லித்தான் ஆரம்பிச்சோம்," என்றார்.

ஆறாம் நாள் நானே ஓர் இழுப்பு இழுத்தேன். கசடு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். ஏழாம் நாளும் பார்த்தேன்.

எட்டாம் நாள் சியுங் ஊசியால் சுரண்டி முகர்ந்து சற்றுக் கண்ணை மூடினார்.

"இதுதான்யா குழாய். இவ்வளவு நாள் இதைத்தானே கேட்டேன்?"

சீட்டில் முத்திரை விழுந்தது. அதை எனக்கு வாசித்தும் காட்டினார்: பத்தொன்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விட்ட உத்தமன் லுவோ.

மறுநாள் குழாய்களைக் கச்சேரித் திடலில் குவித்துக் கொளுத்தினார்கள். விட்டவர்கள் அத்தனை பேரும் காற்று புகையைக் கொண்டுவரும் பக்கமாக நெருக்கியடித்து நின்றோம். அதிகாரிகளின் நாற்காலிகளும் அந்தப் பக்கமே போடப்பட்டிருந்தன. குவியலில் என் குழாயைத் தேடினேன். காணவில்லை.

காலிப் பல்லக்கோடு திரும்பும் வழியில் பாதிப் படியில் தண்டை இறக்கச் சொன்னேன்.

"நேத்திலேருந்து முட்டி கழண்டு போற மாதிரி இருக்குண்ணே."

"சீட்டு மடியில பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன பயம், சாயங்காலம் வா," என்றார் பெங்.